விரிசலை ஆராய்ந்த ஓட்டோ ஷாட்

ஆய்வுக்கூடத்தில் நாம் நெருப்பில் வைக்கும் முகவை ஏன் உடைவதில்லை என்று எப்போதாவது யோசித்ததுண்டா? வேதியியல் மாணவனான எனக்கு இந்தக் கேள்விதான் ஓட்டோ ஷாட் என்ற ஜெர்மானிய அறிஞரை அறிமுகப்படுத்தியது.

இவர் 1851ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் விட்டன் நகரில் பிறந்தார். தந்தை சன்னல் கண்ணாடித் தொழில் செய்தவர். வேதியியல் பயின்ற ஷாட், 1875இல் ஜெனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சன்னல் கண்ணாடித் தயாரிப்பில் ஏற்படும் குறைகளையே தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் ஒதுக்கித் தள்ளும் குறையையே அவர் பாடமாக்கிக்கொண்டது என்னைக் கவர்ந்தது.

1879இல் லித்தியம் கலந்த கண்ணாடியை உருவாக்கி, ஜெனாவில் இருந்த இயற்பியல் அறிஞர் எர்ன்ஸ்ட் அபேயிக்கு அனுப்பினார். அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனாலும் இருவரும் ஆய்வைத் தொடர்ந்தனர். 1884இல் அபே, கார்ல் சைஸ், அவர் மகன் ரோடெரிக் ஆகியோருடன் சேர்ந்து ஷாட் ஜெனாவில் கண்ணாடி ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்.

கண்ணாடி வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஒரு பகுதி சூடாகி விரியும்போது மற்றொரு பகுதி குளிர்ந்தே இருந்தால், இரண்டுக்கும் நடுவே இறுக்கம் உண்டாகிறது. அந்த இறுக்கமே விரிசலாகிறது. ஷாட் கலவையில் போரான் ஆக்சைடைச் சேர்த்தார். இப்படிப் பிறந்ததுதான் போரோசிலிகேட் கண்ணாடி. இன்று ஆய்வுக்கூடங்களில் பயன்படும் வகை, சாதாரணச் சன்னல் கண்ணாடி விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் விரிகிறது. 1890களில் எரிவாயு விளக்குகளின் சிம்னிகள் இக்கண்ணாடியில் செய்யப்பட்டு வீடுகளுக்குச் சென்றன.

இக்கண்ணாடிக்கும் பொறுமை தேவை. சுடரில் இதை உருக்கி வடிவமைப்பவர்கள், முதலில் கண்ணாடியைச் சுடரின் ஓரத்தில் சுழற்றிச் சிறிது சிறிதாகச் சூடேற்றுவார்கள். இரண்டு துண்டுகளை ஒட்டும்போது இரண்டையும் ஒரே அளவு சூடாக்குவார்கள். தடிமனும் மெல்லியதும் சேரும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று விரைவாகவும் மற்றொன்று மெதுவாகவும் குளிரும். சூடான கண்ணாடியைக் குளிர்ந்த உலோகத்தின்மீது வைப்பதும், மின்விசிறிக் காற்றில் விடுவதும் ஆபத்து.

வேலை முடிந்ததும் பொருளைச் சுமார் 560 டிகிரி செல்சியஸ் சூளையில் சிறிது நேரம் வைத்து, வெப்பத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். உள்ளே தங்கிய இறுக்கம் அப்போதுதான் தளரும். இதைத் தவிர்த்தால், பார்வைக்கு நன்றாக இருக்கும் குடுவை சில நாள் கழித்துக்கூட வெடிக்கலாம். உள்ளே சூடான அமிலம் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தம் நிறுவனப் பங்குகளை 1919இல் கார்ல் சைஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்த ஷாட், 1935 ஆகஸ்டு 27இல் ஜெனாவில் காலமானார். அடுத்த முறை முகவையை அடுப்பிலிருந்து இறக்கும்போது, அவசரப்பட்டு ஈரமான மேசையில் வைக்காதீர்கள். ஷாட் விரிசலைக் குறைக்கும் வழியைத் தந்தார். மீதி நம் கையில்தான் இருக்கிறது.