கணக்கைக் கேட்ட பிரதமர் முஹம்மது மொசாதெக்

எண்ணெய் வளம் கொட்டிக் கிடக்கும் நாட்டில் ஏழைகள் ஏன்? ஊழல் என்றோ, மக்களின் சோம்பல் என்றோ நாம் சட்டென்று பதில் சொல்லி விடுகிறோம். கையில் காசில்லாமல் இருப்பது வறுமையின் ஒரு முகம் மட்டுமே. குடிக்க நல்ல தண்ணீர் இல்லாதது, தொழில் கற்க வழியில்லாதது, நம் மண்ணின் பொருள் எவ்வளவுக்கு விற்கப்படுகிறது என்று கேட்கும் உரிமைகூட இல்லாதது ஆகியவையும் வறுமைதான். இந்த முகங்கள் அனைத்தையும் தன் நாட்டில் கண்டு எதிர்த்து நின்றவர், ஈரானின் பிரதமராக இருந்த முஹம்மது மொசாதெக்.

கணக்கர் குடும்பத்துப் பிள்ளை

1882இல் தெஹ்ரானில் பிறந்தார். தந்தை காஜார் மன்னராட்சியில் நிதித்துறை உயர் அதிகாரி. தாயார் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். தெஹ்ரானில் நஜ்மிய்யா மருத்துவமனையை வக்ஃபாக நிறுவியவர். தந்தை இறந்தபின், பதின்ம வயதிலேயே குராசான் மாகாணத்தின் வரிக் கணக்குகளை மேற்பார்வையிடும் பொறுப்பு மொசாதெக்கிடம் வந்தது. வரவும் செலவும் ஒத்துப் போகாத இடத்தில் யாரோ ஏமாற்றப்படுகிறார்கள் என்பதை அவர் அந்த வயதிலேயே கற்றுக்கொண்டார்.

பின்னர் சுவிட்சர்லாந்தில் சட்டம் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வு, ஷியா சட்ட மரபில் வஸிய்யத் பற்றியது. நாடு திரும்பி நிதி அமைச்சராகவும் நாடாளுமன்றமான மஜ்லிஸின் உறுப்பினராகவும் பணியாற்றினார். 1925இல் ரிஸா கான் மன்னராக முடிசூட முயன்றபோது மஜ்லிஸில் எதிர்த்துப் பேசிய சிலரில் இவரும் ஒருவர். அதன் விலையாகப் பல ஆண்டுகள் அரசியலை விட்டு ஒதுங்கியிருக்க நேர்ந்தது; 1940இல் சிறைக்கும் போனார்.

அபாதானின் இரண்டு உலகங்கள்

1901இல் வில்லியம் டார்சி என்பவர் ஈரானின் பெரும்பகுதியில் எண்ணெய் எடுக்கும் உரிமையை 60 ஆண்டுகளுக்குப் பெற்றார். ஈரானுக்கு நிகர லாபத்தில் 16 விழுக்காடு என்பது ஒப்பந்தம். 1908இல் எண்ணெய் கிடைத்தது. 1914இல் பிரிட்டிஷ் அரசே நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 1933இல் போடப்பட்ட புதிய ஒப்பந்தம் இந்த உரிமையை 1993 வரை நீட்டித்தது.

லாபத்தில் பங்கு என்றால், லாபம் எவ்வளவு என்று தெரிய வேண்டும் அல்லவா? ஆனால் ஆங்கிலோ-ஈரானிய எண்ணெய் நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களைத் தணிக்கை செய்ய ஈரான் அனுமதிக்கப்படவில்லை. பிரிட்டிஷ் கஜானாவுக்கு அந்த நிறுவனம் கட்டிய வரியே, எண்ணெய்க்குச் சொந்தக்காரரான ஈரானுக்குக் கொடுத்ததைவிட அதிகமாக இருந்தது.

உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலை அன்று அபாதானில் இருந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குப் புல்வெளி வீடுகளும் நீச்சல் குளங்களும் கிளப்புகளும் இருந்தன. இந்தியாவிலிருந்து போனவர்கள் நடுப்படியில் இருந்தார்கள். கடைசிப் படியில் ஈரானியத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் காகிதாபாத் என்ற குடிசைப் பகுதியில், தண்ணீரும் மின்சாரமும் இல்லாமல், எண்ணெய்ப் பீப்பாய்த் தகரத்தை அடித்து நிமிர்த்திய குடிசைகளில் வாழ்ந்தார்கள். உயர் பதவிகளும் தொழில்நுட்பப் பொறுப்புகளும் பெரும்பாலும் அந்நியர் கையிலேயே இருந்தன. ஆலையை நடத்தும் அறிவே மண்ணின் மக்களுக்குச் சேராமல் பார்த்துக்கொள்வதும் வறுமையை வளர்க்கும் வழிதான்.

தேசியமயமும் முற்றுகையும்

1951 மார்ச்சில் எண்ணெயைத் தேசியமயமாக்கும் சட்டம் நிறைவேறியது. ஏப்ரல் இறுதியில் மொசாதெக் பிரதமரானார். பிரிட்டன் ஐ.நா. பாதுகாப்பு அவைக்குப் போனது; மொசாதெக் நேரில் சென்று வாதாடினார். ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் 1952 ஜூலையில், இவ்வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது.

சட்டத்தில் வென்றும் சந்தையில் வெல்ல முடியவில்லை. ஈரானிடம் போதிய எண்ணெய்க் கப்பல்கள் இல்லை. வாங்க வந்தவர்களையும் பிரிட்டன் தடுத்தது. ஈரான் எண்ணெயை ஏற்றி வந்த ரோஸ் மேரி என்ற கப்பல் 1952இல் ஏடனில் பிடிக்கப்பட்டது. கிணறு நம்முடையதாக இருந்தும் வாளியும் கயிறும் அடுத்தவனிடம் இருந்தால் தாகம் தீராது.

அந்த நெருக்கடியிலும் அவர் ஏழைகளை மறக்கவில்லை. நிலக்கிழார்கள் தம் விளைச்சல் பங்கில் 20 விழுக்காட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். அதில் பாதி குத்தகை உழவர்களுக்கு, மீதி கிராம மேம்பாட்டுக்கு என்று ஆணையிட்டார். தொழிலாளர் காப்பீட்டுக்கும் சட்டம் வந்தது.

குறைகளும் உண்டு. உடனிருந்த ஆயத்துல்லாஹ் காஷானி போன்றோர் விலகிச் சென்றனர். 1953 ஆகஸ்டில் மஜ்லிஸைக் கலைக்க நடத்திய வாக்கெடுப்பில் ரகசிய வாக்கு முறை பின்பற்றப்படவில்லை. அது எதிரிகளுக்கு வாய்ப்பானது. ஆனாலும் அவரை வீழ்த்தியது ஈரானிய மக்களின் தீர்ப்பு அல்ல. பிரிட்டிஷ், அமெரிக்க உளவுத்துறைகள் பணமும் திட்டமும் கொடுத்து நடத்திய கவிழ்ப்பு, 1953 ஆகஸ்ட் 19 அன்று அவரது ஆட்சியை முடித்தது. இதில் தன் பங்கை சி.ஐ.ஏ. வெளியிட்ட ஆவணங்களே பின்னாளில் ஒப்புக்கொண்டன.

மூடியே இருந்த புத்தகம்

1954இல் பன்னாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு ஈரான் எண்ணெய்க்கு வந்தது. லாபத்தில் சரிபாதி தருவதாக ஏற்றுக்கொண்டது. ஆனால் கணக்குப் புத்தகங்களை ஈரானியத் தணிக்கையாளர்களுக்குத் திறக்க மறுத்தது. இயக்குநர் குழுவிலும் ஈரானியருக்கு இடமில்லை. பணத்தைக் கூட்டிக் கொடுக்க மனமிருந்தவர்களுக்குக் கணக்கைக் காட்ட மட்டும் மனமில்லை. மொசாதெக் எதற்காக வீழ்த்தப்பட்டார் என்பதை இது சொல்லிவிடுகிறது.

ராணுவ நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறை விதித்தது. அதன்பின் அஹ்மதாபாத் கிராமத்தில் வீட்டுக் காவல். 1967 மார்ச் 5 அன்று இறந்தார். 1952 ஜூலையில் அவரை மீண்டும் பதவியில் அமர்த்தப் போராடி உயிர்நீத்தவர்களின் அருகில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். வஸிய்யத்தைப் பற்றி ஆய்வு செய்தவரின் அந்தக் கடைசி விருப்பத்தையும் ஷாவின் அரசு நிறைவேற்ற விடவில்லை. தன் வீட்டுக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இன்றும் தாமிரம், கோபால்ட், எரிவாயு என்று வளங்கள் நிறைந்த நாடுகளின் ஏழ்மையைப் பற்றிப் படிக்கிறோம். அந்த மக்களுக்கு எவ்வளவு உதவி போகிறது என்று கேட்கிறோம். அவர்கள் மண்ணிலிருந்து எவ்வளவு போகிறது, அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்போம். எடுப்பவன் அந்நியனாக இருந்தாலும் சொந்த நாட்டு ஆட்சியாளனாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்.