சாலிஞ்சர்: யுத்தத்திலிருந்து வந்த தனிமை

1944 ஜூன் 6ஆம் திகதி நோர்மண்டிக் கரையில் இறங்கிய அமெரிக்கப் படையினரில் எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சரும் ஒருவர். 1919இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எழுதி முடிக்காத நாவலின் சில அத்தியாயங்களையும் தன்னோடு கொண்டு சென்றிருந்தார். ஹூர்ட்கன் காட்டுச் சண்டையில் அவரது படைப்பிரிவு பெரும் இழப்பைச் சந்தித்தது. யுத்தம் முடிந்த 1945இல், மனம் உடைந்த நிலையில் நியூரெம்பேர்க்கில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்.

1951இல் ‘த கட்சர் இன் த றை’ வெளிவந்தது. அதில் போர்க்களம் இல்லை. பாடசாலையிலிருந்து விலக்கப்பட்ட 16 வயது ஹோல்டன், உடனே வீட்டுக்குப் போகத் துணிவின்றி நியூயோர்க்கில் தனியே அலைகிறான். தம்பி அல்லி இரத்தப் புற்றுநோயால் இறந்த இரவில் வெறுங்கையால் கண்ணாடிகளை உடைத்தவன் அவன். பெற்றோர் பாடசாலைகளை மாற்றினார்கள். அவனது துக்கத்துக்குக் காதுகொடுக்க ஆளில்லை. சின்னத் தங்கை ஃபீபிதான் அவனைப் பிடித்து நிறுத்துகிறாள்.

புகழ் வந்ததும் சாலிஞ்சர் 1953இல் கோர்னிஷ் என்ற சிற்றூருக்கு ஒதுங்கினார். 1965க்குப் பின் புதிதாக எதையும் வெளியிடவில்லை. 2010இல், 91 வயதில் காலமானார்.

தான் கண்ட சாவுகளை அவர் ஒரு சிறுவனின் துக்கமாக எழுதினார் என்று வாசிப்பவர்கள் உண்டு. யுத்தம் கடந்த வீடுகளில் பிள்ளைகளின் குழப்படியை மட்டும் பார்ப்பவர்கள், ஹோல்டனை ஒருமுறை வாசிக்க வேண்டும்.