ஒலிகளுக்குள் ஒழுங்கு கண்டவர்

நுழையும்முன்

மனிதக் குரல் எழுப்பவல்ல ஒலிகள் எண்ணற்றவை. அவற்றுள் சில வேறுபாடுகளை மட்டுமே ஒவ்வொரு மொழியும் பொருள் உணர்த்தப் பயன்படுத்துகிறது. ஒலிகளை அளந்தறியும் ஒலியியலுக்கும், அவ்வொலிகள் ஒரு மொழியில் ஆற்றும் பணியை ஆராயும் ஒலியனியலுக்கும் இடையே தெளிவான எல்லை வகுத்தவருள் தலையாயவர் நிக்கோலாய் துருபெத்ஸ்கோய். நாட்டை இழந்தும், எழுதி வைத்தவற்றை இழந்தும் ஆய்வைக் கைவிடாத அவ்வறிஞரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

துருபெத்ஸ்கோய், 1890ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் மாஸ்கோவில் பழம்பெரும் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை செர்கேய் மெய்யியல் பேராசிரியர். 1905ஆம் ஆண்டில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சில வாரங்களிலேயே மறைந்தார். அதே ஆண்டில்தான், பதினைந்தே வயது நிரம்பிய மகனின் முதல் ஆய்வுக் கட்டுரை இனவரைவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. பின்னிய மக்களின் பாடல் ஒன்றைப் பற்றியது அக்கட்டுரை.

நாட்டார் வழக்காறுகளின்மேல் எழுந்த ஆர்வம், அவற்றைப் பேசும் மக்களின் மொழிகள்பால் அவரை ஈர்த்தது. 1908ஆம் ஆண்டில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், மெய்யியலிலிருந்து ஒப்பியல் மொழி ஆய்வுக்கு மாறினார். கோடை விடுமுறைகளில் காகசஸ் பகுதிக்குச் சென்று அங்குள்ள மொழிகளை ஆராய்ந்தார். அம்மொழிகளுள் சிலவற்றில் உயிரொலிகள் மிகக் குறைவு. மெய்யொலிகளோ மிகப் பல. ஐரோப்பிய மொழிகளைக் கொண்டு வகுத்த அளவுகோல் எல்லா மொழிகளுக்கும் பொருந்தாது என்பதை அந்த மலைநாட்டு மொழிகள் அவருக்கு உணர்த்தின. பின்னர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் புகழ்பெற்ற மொழியறிஞர்களிடம் பயின்று திரும்பிய அவர், மாஸ்கோவில் சமற்கிருதம் கற்பிக்கும் பணியை ஏற்றார்.

நாடிழந்த காலம்

1917ஆம் ஆண்டில் உடல்நலம் பேணுவதற்காகக் காகசஸ் பகுதியிலுள்ள கிஸ்லோவோத்ஸ்க் நகருக்குச் சென்றிருந்தபோது உருசியப் புரட்சி வெடித்தது. பிரபுக் குடும்பத்தில் பிறந்தவருக்கு மாஸ்கோவின் வாயில் அடைபட்டது. ரோஸ்தோவ் நகரப் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் பேராசிரியராகப் பணியாற்றினார். உள்நாட்டுப் போர் அங்கும் நெருங்கவே, 1920ஆம் ஆண்டில் கருங்கடலைக் கடந்து கான்ஸ்டாண்டினோபிளை அடைந்தார். பல ஆண்டுகள் உழைத்துத் திரட்டிய குறிப்புகளும் கையெழுத்துப் படிகளும் பின்தங்கிவிட்டன. அவற்றுள் பலவற்றை நினைவிலிருந்தே மீண்டும் உருவாக்க வேண்டியதாயிற்று.

பல்கேரியத் தலைநகர் சோபியாவில் அவருக்குப் புகலிடம் கிடைத்தது. 1920ஆம் ஆண்டில் அங்கு அவர் வெளியிட்ட ‘ஐரோப்பாவும் மனித குலமும்’ என்னும் சிறுநூல், ஐரோப்பியப் பண்பாடே உலகில் உயர்ந்தது என்னும் எண்ணத்தை மறுத்தது. பண்பாடுகளை ஏணிப்படிகளாக அடுக்கி மேல் கீழ் எனப் பார்ப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பது அவர் கொள்கை. 1922ஆம் ஆண்டில் வியன்னா பல்கலைக்கழகத்தின் சிலாவிய மொழியியல் பேராசிரியரானார். வாழ்நாளின் இறுதிவரை அந்நகரே அவருடைய இல்லமாயிற்று.

ஒலி வேறு, ஒலியன் வேறு

அக்காலத்தில் ஒலியாய்வு கருவிகளின் துணையால் விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது. ஒலி எவ்வுறுப்பில் பிறக்கிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, காற்றில் எவ்வாறு பரவுகிறது என்பனவெல்லாம் அளக்கப்பட்டன. ஆனால், நுட்பமாக அளக்கும்தோறும் வேறுபாடுகள் பெருகின. ஒரே சொல்லை ஒருவரே இருமுறை கூறினும் இரண்டும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. அவ்வாறாயின், கேட்பவர் அதனை ஒரே சொல்லாக உணர்வது எங்ஙனம்? இவ்வினாவுக்குக் கருவிகளிடம் விடை இல்லை.

எழுத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். ‘க’ என்னும் எழுத்தைப் பத்து மாணவர் பத்து விதமாக எழுதுவர். ஒருவர் சாய்த்தும் மற்றொருவர் பெரிதாகவும் எழுதினும் படிப்பவர் அதனைக் ‘க’ என்றே கொள்வர். ஆனால், அதன் தலைமேல் சிறு புள்ளி ஒன்றை இட்டால் எழுத்தே மாறிவிடுகிறது. பெரிய வேறுபாடு பொருட்படுத்தப்படுவதில்லை. சிறிய வேறுபாடு பொருளை மாற்றுகிறது. ஒலிகளிலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. அளவில் எத்துணை பெரியது என்பதன்று, பொருளை வேறுபடுத்துகிறதா என்பதே ஒலியனியலின் வினா.

வலி, வளி, வழி என்னும் சொற்களில் இடையிலுள்ள மெய்யொலி மட்டுமே வேறு. பொருள்களோ முற்றிலும் வேறு. ஆதலின் ல், ள், ழ் என்பன தமிழில் தனித்தனி ஒலியன்கள். கடல், சங்கு, அகம் என்னும் சொற்களிலோ ககரம் மூவகையாக ஒலிக்கிறது. மொழிமுதலில் வன்மையாகவும், மெல்லினத்தை அடுத்து அதிர்வுடனும், இரண்டு உயிர்களுக்கிடையே மென்மையாகவும் ஒலிக்கும் அது, இடத்துக்கேற்ப மாறுகிறதேயன்றிப் பொருளை மாற்றுவதில்லை. இவை ஓர் ஒலியனின் மாற்றொலிகள். ஆங்கிலத்திலோ வன்மையான ககர ஒலியும் அதிர்வுடைய ககர ஒலியும் வெவ்வேறு சொற்களை உருவாக்கும் தனி ஒலியன்கள். ஒலி ஒன்றே, மொழி மாறும்போது அதன் மதிப்பு மாறுகிறது. தமிழ் வல்லின ஒலிகள் இடத்துக்கேற்ப மாறும் முறை துருபெத்ஸ்கோயின் நூலிலும் எடுத்துக்காட்டாக இடம்பெற்றுள்ளது.

தெரிந்து தெளிவோம்

தொல்காப்பியம் எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் பிறப்பியலில் கூறுகிறது. எவ்வெழுத்துகள் சொல்லின் முதலிலும் இறுதியிலும் வரும் என்பதை மொழிமரபில் கூறுகிறது. ஒலியின் பிறப்பும் சொல்லில் அதன் வருகையும் தனித்தனி இயல்களில் ஆராயப்பட்டமை எண்ணத்தக்கது.

பிராக் மொழியியல் வட்டம்

1926ஆம் ஆண்டில் செக் அறிஞர் மத்தேசியஸ் முயற்சியால் பிராக் மொழியியல் வட்டம் தோன்றியது. உருசியாவிலிருந்து வந்து அந்நாட்டில் வாழ்ந்த ரோமன் யாகப்சன் அதன் தூண்களுள் ஒருவர். அவரும் வியன்னாவிலிருந்த துருபெத்ஸ்கோயும் பல ஆண்டுகள் கடிதங்கள் வாயிலாகவே புதிய கொள்கையை வளர்த்தனர். 1928ஆம் ஆண்டு ஹேக் நகரில் கூடிய முதல் உலக மொழியியலாளர் மாநாட்டில் ஒலியனியல் ஆய்வுக்கான முன்மொழிவை யாகப்சன் அளித்தார். துருபெத்ஸ்கோயும் அதில் ஒப்பமிட்டிருந்தார். ஒலியன்கள் தனித்து நிற்பனவல்ல, ஒன்றோடொன்று உறழ்ந்து ஓர் அமைப்பாக நிற்பன என்பதை அவர்கள் நிலைநாட்டினர்.

அவ்வுறழ்ச்சி சில இடங்களில் மறைவதையும் துருபெத்ஸ்கோய் ஆராய்ந்தார். ஜெர்மன் மொழியில் ‘சக்கரம்’ எனவும் ‘அறிவுரை’ எனவும் பொருள்படும் இரு சொற்களின் ஈற்றொலிகள் தம்முள் வேறானவை. எனினும், சொல்லின் இறுதியில் அதிர்வொலி மறைவதால் அவை ஒரே வகையாக ஒலிக்கின்றன. பின்னொட்டுச் சேரும்போது வேறுபாடு மீண்டும் தோன்றுகிறது. இந்நிகழ்வை அவர் நடுநிலையாதல் எனக் கொண்டு விளக்கினார்.

இறுதி நாள்கள்

அக்காலத்தில் ஐரோப்பாவில் இனவெறி தலைதூக்கியது. 1935ஆம் ஆண்டில் இனவாதத்தைக் கண்டித்துத் துருபெத்ஸ்கோய் கட்டுரை எழுதினார். மனிதனின் பண்பும் அறிவும் குருதியால் அமைவன அல்ல என அதில் வாதிட்டார். 1938ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜெர்மானியப் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. துருபெத்ஸ்கோயின் பணி பறிபோயிற்று. இரகசியக் காவல் படையினர் அவர் இல்லத்தைச் சோதனையிட்டு, எழுத்துப் படிகளைக் கைப்பற்றிச் சென்றனர். இருமுறை எழுதி வைத்தவற்றை இழந்த அவருடைய நெஞ்சம் ஏற்கெனவே நோயுற்றிருந்தது; இந்நிகழ்வுக்குப்பின் அந்நோய் முற்றியது.

நோய்ப்படுக்கையிலும் அவர் ஓயவில்லை. தம் வாழ்நாள் ஆய்வின் சாரமாகிய ‘ஒலியனியல் அடிப்படைகள்’ என்னும் நூலைச் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். இன்னும் சில பக்கங்களே எஞ்சியிருந்த நிலையில், 1938ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் தமது 48ஆம் வயதில் மறைந்தார். முற்றுப்பெறாத அந்நூலைப் பிராக் வட்டத்தார் 1939ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளின் ஒலியமைப்பை எடுத்துக்காட்டிய அந்நூல் பிரெஞ்சு, உருசியம், ஆங்கிலம் முதலிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு, இன்றளவும் ஒலியனியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக விளங்குகிறது.

மலைநாட்டுச் சிற்றூரில் வழங்கும் மொழியாயினும் பேரரசின் மொழியாயினும், ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஒலி ஒழுங்கை உடையது. ஒரு மொழியின் செவியால் மற்றொரு மொழியை அளந்து, அதில் குறை காண்பது தகாது. துருபெத்ஸ்கோயின் ஆய்வு காட்டிய உண்மை இது; அவருடைய வாழ்வும் இதற்குச் சான்றாக நின்றது.