புனித வீத்துஸ்: நடுங்கும் பிள்ளைகளின் பாதுகாவலர்



ஜூன் 15 அன்று திருச்சபை நினைவுகூரும் இளம் மறைசாட்சி புனித வீத்துஸ். ஆங்கிலத்தில் இவரை வைட்டஸ் என்பார்கள். மருத்துவ நூல்களில் 'புனித வைட்டஸ் நடனம்' என்று ஒரு நோய்க்கே இவர் பெயர் உண்டு. ஒரு புனிதரின் பெயர் ஒரு நோய்க்கு எப்படி வந்தது? அதில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது? சற்றுச் சிந்திப்போம்.

வீத்துஸ் இத்தாலியின் தென்பகுதியில் வாழ்ந்தவர். தியோக்கிளேசியன் பேரரசரின் காலத்தில், ஏறத்தாழ 303ஆம் ஆண்டில், கிறிஸ்துவுக்காக உயிர் கொடுத்தார். இவரைப் பற்றிய மற்றச் செய்திகள் பிற்கால மரபிலிருந்து வருபவை. சிசிலித் தீவில் பிற தெய்வங்களை வணங்கிய ஒரு செல்வரின் மகன் இவர் என்கிறது அம்மரபு. இவரை விசுவாசத்தில் வளர்த்தவர்கள் ஆசிரியர் மோதெஸ்துசும் செவிலித்தாய் கிரெசென்சியாவும். தந்தையே துன்புறுத்தியபோது மூவரும் கடல் கடந்து லூக்கானியாவுக்குத் தப்பிச் சென்றார்கள். பின்பு உரோமையில் தீய ஆவியால் வதைபட்ட பேரரசரின் மகனைச் சிறுவன் வீத்துஸ் குணமாக்கினான். ஆனாலும் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்ததால் கொடிய வேதனைகளுக்கு உள்ளானான். தியோக்கிளேசியனுக்கு ஒரு மகள் மட்டுமே இருந்தாள் என்கிறது வரலாறு. எனவே இதை மக்களின் பக்தி வளர்த்த கதையாகவே கொள்ள வேண்டும். ஆயினும் அந்தப் பக்தி வீத்துசை எப்படிக் கண்டது என்பது தெளிவு: நோயுற்ற பிள்ளைக்கு நலம் தருபவராகவே கண்டது.

836ஆம் ஆண்டில் இவரது திருப்பண்டங்கள் ஜெர்மனியின் கோர்வே துறவு மடத்துக்கு வந்தன. பிராகு நகரின் பேராலயமும் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. துன்ப வேளையில் மக்கள் நாடிய பதினான்கு துணைப் புனிதர்களில் இவரும் ஒருவரானார்.

ஆனால் காலப்போக்கில் ஒரு தவறான எண்ணம் புகுந்தது. வீத்துஸ் கோபம் கொண்டால் மனிதரை ஓயாமல் ஆடவைப்பார் என்று சிலர் அஞ்சினார்கள். 1518இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பலர் நாள்கணக்கில் நிறுத்த முடியாமல் ஆடினார்கள். நகர மன்றத்தார் அவர்களை அருகிலுள்ள வீத்துஸ் திருத்தலத்துக்கு அனுப்பி வைத்தார்கள். நலம் தந்தவரையே நோய் தருபவராக்கிவிட்டது மனித அச்சம்!

1686இல் தாமஸ் சிடன்ஹாம் என்ற இலண்டன் மருத்துவர், பிள்ளைகளுக்கு வரும் வேறொரு நோயை இதே பெயரால் விவரித்தார். நோயுற்ற பிள்ளையால் கையை ஓரிடத்தில் வைத்திருக்க முடியாது. குவளையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் கை பல பக்கமும் அலையும். இன்று இதனைச் சிடன்ஹாம் கொரியா என்கிறார்கள். இதன் காரணத்தை அவர் அறிந்திருக்கவில்லை. இன்று நாம் அறிவோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் பிள்ளைக்குத் தொண்டைப் புண் வருகிறது. அந்தக் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள், அசைவுகளைச் சீராக்கும் மூளைப் பகுதியையும் தவறுதலாகத் தாக்குகிறது. தொண்டை ஆறிச் சில வாரங்களோ மாதங்களோ கழிந்த பின்பே கை, கால், முகம் தாமாக அசையத் தொடங்கும். அதனால்தான் பெற்றோருக்கு இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தோன்றுவதில்லை.

5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே, அதிலும் சிறுமிகளுக்கே, இது அதிகம் வருகிறது. கையெழுத்துக் கெடும், கையில் இருப்பது நழுவி விழும், காரணமின்றி அழுகை வரும். பள்ளியில் குறும்பு என்று அடி விழுகிறது. வீட்டில் பேய் பிடித்தது என்று பேச்சு எழுகிறது. இந்த நடுக்கம் பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கிவிடும். ஆனால் இதற்கு அடிப்படையான ரூமாட்டிக் காய்ச்சல் சத்தமின்றி இதய வால்வுகளைக் கெடுத்துவிடலாம். மருத்துவர் சொல்லும் காலம் வரை, பல ஆண்டுகள் ஆனாலும், மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்வது இதயத்தைக் காக்கும். நடுக்கம் நின்றவுடன் ஊசியையும் நிறுத்திவிடக் கூடாது. நம் நாட்டில் இந்தக் காய்ச்சல் இன்னும் மறைந்துவிடவில்லை.

அன்பார்ந்தவர்களே, நடுங்கும் பிள்ளையோடு பெற்றோர் ஆலயத்துக்கு வந்தால் நாம் செபிக்க மறுப்பதில்லை. ஆனால் செபித்து முடித்ததும் மருத்துவமனைக்கு அனுப்பாமல் விட்டால், அந்தப் பிள்ளையின் இதயத்துக்கு நாமும் பொறுப்பாளிகள் ஆவோம். மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக்கின் ஞான நூல் நமக்குக் கற்பிக்கிறது. நோய் புனிதரின் சாபம் அன்று. பிள்ளையின் குற்றமும் அன்று.

புனித வீத்துசே, தம் உடலை அடக்க முடியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களைத் தவறாகப் புரிந்துகொண்ட எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.