கம்பளிக்குள் நுழையத் தெரியாத கணித மேதை

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



கணித மேதை இராமானுஜன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பாடப்புத்தகத்தில் பார்த்த அந்தக் கோட்டுப் போட்ட படம், அப்புறம் 1729 என்ற டாக்ஸி நம்பர். அந்த டாக்ஸிக் கதையை நான் இங்கே எழுதப் போவதில்லை. பேச்சுப் போட்டிக்குப் பேச்சுப் போட்டி கேட்டு நம் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அவர் ஊரை விட்டுக் கிளம்பி, கடல் தாண்டி, முன்பின் தெரியாத ஒரு கல்லூரியில் போய் இறங்கிய அந்த முதல் சில மாதங்களைப் பற்றித்தான் எழுத ஆசைப்படுகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் ஒரு விஷயம். நம்மில் பலருக்கு அரியர்ஸ் இருக்கிறது. (எனக்கும் ஒன்று இருக்கிறது. எந்தப் பேப்பர் என்று கேட்காதீர்கள்.) இராமானுஜனுக்கும் இருந்தது! 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா ஜவுளிக் கடையில் கணக்கர். டவுன் ஹைஸ்கூலில் பரிசெல்லாம் வாங்கிய பையன், 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனசு போகவில்லை. உதவித்தொகை போய்விட்டது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி, மறுபடி எழுதி மறுபடியும் தோல்வி. கணக்குப் பேப்பர் மட்டும் இருந்திருந்தால் மாநிலத்திலேயே முதலாக வந்திருப்பாரோ என்னவோ, மற்ற பாடங்கள் விடவில்லை. கடைசிவரை எஃப்.ஏ. அவருக்குக் கைகூடவே இல்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்ட காலம் அது.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913 ஜனவரி 16-ம் தேதியிட்ட கடிதம் ஒன்றைக் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணிதப் பேராசிரியருக்கு அனுப்பினார். அதற்கு முன் அங்கே எழுதியும் பலன் இல்லை. ஹார்டி மட்டும்தான் அந்தத் தேற்றங்களைப் படித்துப் பார்த்து, இவரை உடனே இங்கிலாந்துக்கு வரவழைக்கத் துடித்தார். இதற்குள் சென்னைப் பல்கலைக்கழகமும் விழித்துக்கொண்டு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது.

ஆனால் இவர் போகச் சம்மதிக்கவில்லை. கடல் தாண்டினால் சாதியை விட்டுத் தள்ளிவைப்பார்கள் என்ற பயம் அந்தக் காலத்தில் ஆசாரமான வைணவக் குடும்பத்தில் சின்னப் பயம் இல்லை. அம்மா கோமளத்தம்மாளின் சம்மதம் வேண்டும். நாமக்கல் நாமகிரித் தாயார் அம்மாவின் கனவில் வந்து தடுக்காதே என்றதாகவும், அதன் பிறகே சம்மதம் கிடைத்ததாகவும் சொல்வார்கள். 1914 தொடக்கத்தில் நெவில் என்ற கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் சென்னைக்கு வகுப்பெடுக்க வந்தபோது இவரை நேரில் சந்தித்துப் பேசி, பல்கலைக்கழகத்திடமும் எடுத்துச் சொன்னார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை முடிவானது. அதில் 50 பவுன் கும்பகோணத்துக் குடும்பத்துக்கு.

அப்புறம் பயணத்துக்குத் தயார் செய்தார்கள். குடுமியை எடுத்தார்கள். கோட்டு, கால்சட்டை, காலர், டை, பூட்ஸ் எல்லாம் வந்தது. இந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாம் என்று அம்மாவையும் மனைவி ஜானகியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் வருகிறேன் என்று ஜானகி கேட்டதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் படித்திருக்கிறேன். அப்போது ஜானகிக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை. 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' என்ற கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது.

ஏப்ரல் 14-ம் தேதி லண்டன். (நம்ம சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டிய நாள்!) நெவில் தன் அண்ணனோடு காரில் வந்து அழைத்துப் போனார். புதிதாக வரும் இந்திய மாணவர்கள் தங்குவதற்கென்று கிராம்வெல் ரோட்டில் ஓர் இடம் இருந்தது. அங்கே சில நாள். பிறகு ஏப்ரல் 18-ல் கேம்பிரிட்ஜில் நெவில் வீட்டுக்கே வந்துவிட்டார். நெவிலும் அவர் மனைவியும் அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனாலும் இருபத்தாறு வருஷம் வெறுங்காலிலும் செருப்பிலும் நடந்த கால் திடீரென்று பூட்ஸுக்குள் போனால் எப்படி இருக்கும்? கால் கடுத்தது. காய்கறியின் ருசியே வேறாக இருந்தது. இதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாசச் சோற்றுக்கு என்ன வழி என்ற கவலை இல்லாமல் நாள் முழுக்கக் கணக்குப் போட வாழ்க்கையில் இப்போதுதான் கொடுத்து வைத்திருந்தது.

ஜூன் மாதம் டிரினிடி கல்லூரியின் விடுதி அறைக்கு மாறினார். ஹார்டியின் அறைக்குச் சில நிமிஷ நடைதான். இங்கேதான் உண்மையான ஹாஸ்டல் வாழ்க்கை ஆரம்பம்.

நமக்கெல்லாம் தெரியும், ஹாஸ்டலில் சிநேகிதம் பிடிப்பது வகுப்பில் இல்லை, மெஸ்ஸில்தான். கேம்பிரிட்ஜிலும் அப்படித்தான். ஆசிரியர்களும் மாணவர்களும் கல்லூரியின் பெரிய ஹாலில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இராமானுஜனோ சுத்த சைவம். சமையலில் மிருகக் கொழுப்பு கலந்துவிடுமோ என்று கல்லூரிச் சாப்பாட்டையே தொடவில்லை. அறையிலேயே அடுப்பு வைத்துத் தானே பொங்கிச் சாப்பிட்டார். புளியும் மற்ற சாமான்களும் ஊரிலிருந்து பார்சலில் வர வேண்டும். ஆராய்ச்சியில் மூழ்கிவிட்டால் சமைக்கவும் நேரம் தெரியாது, தூங்கவும் நேரம் தெரியாது. ஆக, நாலு பேர் கூடுகிற அந்த ஒரு மேஜையும் அவருக்கு இல்லாமல் போயிற்று.

போதாததற்கு ஆகஸ்ட் 4-ல் இங்கிலாந்து முதல் உலகப் போரில் இறங்கியது. கல்லூரியின் ஒரு முற்றமே காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி ஆனது. மாணவர்கள் போருக்குப் போனார்கள். ஹார்டியோடு சேர்ந்து இவரைக் கவனித்த லிட்டில்வுட்டும் ராணுவ வேலைக்குப் போய்விட்டார். காய்கறி, பால் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. வந்து நாலு மாசத்துக்குள் போர்.

வகுப்பில் எப்படி இருந்தார் என்று கேட்கிறீர்களா? அதில் ஒரு சுவையான சம்பவம் உண்டு. ஆர்தர் பெர்ரி என்ற ஆசிரியர் கரும்பலகையில் ஏதோ சூத்திரங்களை விளக்கிக்கொண்டிருந்தார். இராமானுஜன் முகத்தில் ஒரே பரபரப்பு. ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று ஆசிரியர் கேட்க, இவர் நேரே எழுந்துபோய், ஆசிரியர் இன்னும் நிரூபிக்காத முடிவுகளை எல்லாம் பலகையில் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாராம்! எஃப்.ஏ. ஃபெயில் ஆனவர் என்பதை மறக்காமல் இதைப் படியுங்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

மகலனோபிஸ் என்று ஒரு வங்காள மாணவர் பக்கத்து கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். (பிற்காலத்தில், 1931-ல், கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் இவரேதான்.) குளிர் நாள் ஒன்றில் இராமானுஜனைப் பார்க்க வந்தார். இவர் கணப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ராத்திரி குளிர் தாங்க முடிகிறதா என்று பேச்சுவாக்கில் விசாரித்தார் மகலனோபிஸ். முடியவில்லை என்றும், ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் படுப்பதாகவும் பதில் வந்தது. போர்த்த எதுவும் கொடுக்கவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் நன்றாகவே இருக்கின்றன! அந்த ஊர் வழக்கப்படி மேல்விரிப்புக்கு அடியில் இழுத்துச் செருகி, மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார். மகலனோபிஸ் விரிப்பை எடுத்துக் காட்டி, எப்படி உள்ளே போவது என்று சொல்லிக் கொடுத்தார். இராமானுஜன் நெகிழ்ந்து போனாராம்.

இதை நான் முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் சிரிப்பு நின்றுவிட்டது. பாய் விரித்துப் படுத்தே வளர்ந்தவருக்கு அந்த ஊர்க் கட்டிலின் சூட்சுமம் எப்படித் தெரியும்? யாரும் சொன்னால்தானே! நெவில் நல்லவர். ஹார்டி நல்லவர். ஆனால் அவர்களுக்கெல்லாம் இது சொல்லித் தரவேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. பிறந்ததிலிருந்து அப்படியே படுப்பவர்கள். இராமானுஜனும் யாரிடமும் கேட்கவில்லை.

என் கதை ஒன்று இதோடு சேர்த்துச் சொல்லணும். எங்க அப்பா கொத்தனார். எங்க வீட்டில் பத்தாவது தாண்டி வந்தது நான்தான் முதல் ஆள். முதல் வருஷம் டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரைக் கையில் கொடுத்ததும் மற்ற பசங்க எல்லாம் டக்கென்று போர்டில் மாட்டிக் கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் போர்டு ஓரத்தில் திருகி மாட்டணும் என்றே எனக்குத் தெரியலை. ஸ்கேலை மட்டும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் கோடு போட்டேன். ஒரு கோடும் நேராக வரலை. கேட்டால் சிரிப்பாங்களோ என்று வாயைத் திறக்கலை. ஒருநாள் ஹாஸ்டலில் சீனியர் அண்ணன் ஒருத்தர் என் ஷீட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் டிராஃப்டரை எடுத்து மாட்டி, திருகைத் திருகி, என் கையைப் பிடித்து ஒரு கோடு போட வைத்தார். அவ்வளவுதான். அந்த அண்ணன் முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கு. அதனால்தான் இராமானுஜன் நெகிழ்ந்து போனார் என்ற வரியை என்னால் சும்மா கடந்து போக முடியலை.

கேட்காமல் விட்டது இராமானுஜன் மட்டும் இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. இந்தத் தேற்றங்கள் எல்லாம் எப்படித் தோன்றின, எந்த எந்தப் புத்தகம் படித்தீர்கள் என்று தான் விவரமாகக் கேட்கவே இல்லையே என்று ஹார்டி பிற்காலத்தில் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். தினம் அரை டஜன் புதுத் தேற்றங்களோடு வந்து நிற்பவரிடம் இதைக் கேட்பது அபத்தமாகப் பட்டதாம். தினமும் சந்தித்த இரண்டு பேர்!

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காகவே கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. அந்தக் காலத்தில் ஒரு நாள் ஓர் இந்திய நண்பரையும் இரண்டு பெண்களையும் அழைத்துத் தானே சமைத்து விருந்து வைத்தார். ரசம் பிரமாதம். மூன்றாம் முறை ஊற்ற வந்தபோது பெண்கள் போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம்! நாலு நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஐந்து பவுன் அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. தன் சமையல் பிடிக்கவில்லை என்று மனசு உடைந்து போய்விட்டாராம். இதைச் சிலர் மேதையின் கிறுக்கு என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரில் இருந்தால் பத்து வீட்டில் சாப்பிட்டு, பத்துப் பேருக்குப் பரிமாறி, ஒரு வேண்டாம் என்ற சொல் காதிலேயே விழாது. அங்கே அவருக்கு இருந்தது அந்த ஒரு பந்திதான்.

1917-ல் நோய் வந்தது. ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. 1918 மே மாதம் ராயல் சொசைட்டி உறுப்பினர், அக்டோபரில் டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோ. பெருமைகள் எல்லாம் வந்து சேர்ந்தபோது அவர் படுத்த படுக்கையாக இருந்தார். மனைவியிடமிருந்து கடிதமும் வரவில்லை. ஜானகி எழுதாமல் இல்லை. மாமியார் கைக்குப் போன கடிதங்கள் அவர் கைக்கு வந்து சேரவில்லை.

1919 மார்ச் மாதக் கடைசியில் பம்பாயில் கப்பல் இறங்கினார். அழைத்துப் போக அம்மாவும் தம்பியும் வந்திருந்தார்கள். அவர் முதலில் விசாரித்தது ஜானகி எங்கே என்றுதான். பிறகு ஜானகி வந்து சேர்ந்தார். கடைசி வரை வேளா வேளைக்குச் சோறும் மோரும் கொடுத்துக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். 1920 ஏப்ரல் 26-ல், சென்னை சேத்துப்பட்டில், 32 வயதில் இராமானுஜன் காலமானார்.

ஜானகி அம்மாள் 1994 வரை இருந்தார். உன்னையும் கூட அழைத்துக்கொண்டு போயிருந்தால் எனக்கு இந்த நோய் வந்திருக்காது என்று அந்தக் கடைசி நாட்களில் கணவர் தன்னிடம் சொன்னதை, திருவல்லிக்கேணி வீட்டுக்குத் தேடி வந்தவர்களிடம் அவர் சொல்லியிருக்கிறார்.