துருவம் கண்ட மாணவர்

உடல் வலிமையும் அஞ்சா நெஞ்சும் இருந்தால் எத்தகைய அருஞ்செயலையும் முடித்துவிடலாம் என்று எண்ணுவோர் உளர். அவ்விரண்டும் உடையவராயிருந்தும், கற்க வேண்டியவற்றைக் கற்ற பின்னரே வெற்றி கண்டவர் ரோல்டு அமுண்ட்சன்.

இவர் 1872ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் பிறந்தார். அன்னையின் விருப்பத்திற்கிணங்க மருத்துவம் பயின்றார். 1893இல் அன்னையார் மறையவே, அக்கல்வியை விடுத்து, இளமை முதல் தம் உள்ளத்தைக் கவர்ந்த துருவப் பயணத்தில் ஈடுபட்டார்.

1903இல் ஆறு துணைவருடன் ஒரு சிறு கப்பலில் ஏறி, கனடாவின் வடபால் உள்ள கடல்வழியைக் கடக்கப் புறப்பட்டார். வழியில் கிங் வில்லியம் தீவில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தங்கினார். அங்கு வாழ்ந்த இனுயிட் மக்களை நாகரிகமற்றோர் என ஐரோப்பியர் பலர் இகழ்ந்த காலம் அது. அமுண்ட்சனோ அவர்களைத் தம் ஆசான்களாகக் கொண்டார். கலைமான் தோலாடையைத் தளர்வாக அணிந்தால், உள்ளே காற்று உலவி, வியர்வை உறையாமல் காக்கும் என்பதை அவர்களிடம் அறிந்தார். இறுகிய பனியை வெட்டி வீடு கட்டவும், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியைச் செலுத்தவும் பயின்றார். 1906இல் அக்கடல்வழியைக் கடந்து முடித்தார்.

பின்னர் அவர் தென்துருவத்தை நாடினார். 1911ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவின் ராஸ் பனித்தட்டில் பாசறை அமைத்து, துருவம் நோக்கிய வழியில் உணவைச் சேமித்து வைத்தார். ஸ்காட் என்னும் ஆங்கிலேயரும் அதே துருவத்தை நாடி வந்திருந்தார். அவரை முந்த வேண்டும் என்னும் ஆவலால், குளிர் தணியுமுன்பே செப்டம்பர் 8ஆம் நாள் அமுண்ட்சன் புறப்பட்டுவிட்டார். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 50 பாகைக்கும் அப்பால் இறங்கியது. நாய்கள் சில மடிந்தன. துணைவர் சிலரின் குதிகால்கள் குளிரால் உறைந்தன. குழுவினர் திரும்ப நேர்ந்தது. தம் அவசரத்தைக் கண்டித்த துணைவர் ஒருவரை அவர் துருவப் பயணத்தினின்று விலக்கினார். அக்கண்டனத்தைப் பொறுக்கும் மனம் அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் குளிர் புகட்டிய பாடத்தை அவர் மறக்கவில்லை.

அக்டோபர் மாதம் வரை காத்திருந்து, நால்வருடனும் 52 நாய்களுடனும் மீண்டும் புறப்பட்டார். ஒவ்வொரு நாளும் அளவாகப் பயணம் செய்து, போதிய ஓய்வும் கொண்டு, 1911 டிசம்பர் 14ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தார். மனிதர் அங்கு அடிவைத்தது அதுவே முதன்முறை. 1912 சனவரி 25ஆம் நாள் ஐவரும் நலமாகப் பாசறைக்கு மீண்டனர்.

1928இல், பனிக்கடலில் விபத்துற்ற இத்தாலிய வான்கப்பலில் சென்றோரைத் தேடி விமானத்தில் புறப்பட்ட அமுண்ட்சன் திரும்பவில்லை. பிறர் இகழ்ந்த மக்களிடமும் பணிந்து கற்ற அவர்தம் பண்பு, அரிய செயல் புரிய விழைவோர் யாவரும் போற்றிக் கொள்ளத்தக்கதாகும்.