உழைப்போர் முகங்களை ஒளியிற் பதித்த லூயிஸ் ஹைன்

அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் என்னும் ஊரில் 1874-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் பிறந்தவர் லூயிஸ் ஹைன். 1892-இல் தந்தையார் விபத்தொன்றில் இறந்தார். குடும்பச் சுமை இளைஞரின் தோளில் விழுந்தது. மரச்சாமான் தொழிற்சாலையொன்றில் வாரம் நான்கு டாலர் கூலிக்கு நாள் முழுதும் உழைத்தார். பின்னாளில் தொழிலாளர் முகங்களை அவர் அயலாராய் நின்று நோக்காமைக்குக் காரணம் இதுவே என நாம் கருதுகிறோம்.

அவர் முதலில் ஆசிரியர். ஒளிப்படக் கலைஞர் ஆனது பிறகே. 1901-இல் நியூயார்க் நகரின் எதிகல் கல்ச்சர் பள்ளியில் பணியேற்றார். பள்ளித் தலைவர் ஃபிராங்க் மேனி தூண்டவே, காமிராவைக் கையிலெடுத்தார். 1904 முதல் எல்லிஸ் தீவுக்குச் சென்று, ஐரோப்பாவினின்றும் வந்திறங்கிய ஏழை மக்களைப் படமெடுத்தார். அவர்கள் மொழி இவருக்குத் தெரியாது. இவர் மொழி அவர்களுக்குப் புரியாது. சைகையால் நிற்கச் செய்து, மக்னீசியத் தூளைக் கொளுத்தி, அந்த ஒரு நொடி வெளிச்சத்தில் கண்ணாடித் தகட்டிற் பதித்தாக வேண்டும். கண் கூசினால் படம் பாழ்!

1908-இல் ஆசிரியப் பணியைத் துறந்து, தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவின் முழுநேரப் படப்பிடிப்பாளரானார். 1900-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நாட்டில் பத்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட தொழிலாளர் ஏறத்தாழ 17.5 இலட்சம் பேர். நூற்பாலை முதலாளிகள் இவரை உள்ளே விடுவார்களா? ஆகவே வேடம் பூண்டார். ஒருநாள் விவிலியம் விற்பவர், மறுநாள் அஞ்சலட்டை வணிகர், பிறிதொருநாள் இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவர். தம் சட்டைப் பொத்தான்கள் தரையினின்றும் எத்தனை அங்குல உயரத்தில் உள்ளன என முன்னரே அளந்து வைத்திருந்தார். குழந்தை அருகில் நின்றதும், தலை எந்தப் பொத்தானுக்கு நேர் வருகிறதெனப் பார்த்து உயரத்தைக் கணித்தார். சட்டைப்பைக்குள் கைவிட்டு, அங்கிருந்த தாளில் பெயர், வயது, வேலைக்காலம் ஆகியவற்றைக் காணாமலே குறித்துக்கொண்டார்.

பொய்வேடத்தால் மெய் தேடுவது முறையோ என வினவுவார் உளர். அவர் பொய்யுரைத்தது ஆலைக் காவலரிடம். படத்தைக் காண்போரிடம் அன்று. ஊரும் நாளும் குறியாத படத்தை எளிதில் மறுத்துவிடலாமன்றோ? அக்குறிப்புகளே அவர் படங்களைச் சான்றாக்கின.

1911 சனவரியில் பென்சில்வேனியாவின் சவுத் பிட்ஸ்டன் நிலக்கரிக் கூடத்தில் எடுத்த படம் நம் நெஞ்சை விட்டகலாதது. சரிவில் வரிசையாய்க் குனிந்தமர்ந்த சிறுவர், ஓடிவரும் கரியினின்றும் கல்லைப் பொறுக்குகின்றனர். வேறு படங்களில் குழந்தைகள் நம்மை நேரே நோக்குகின்றனர். காமிராவை அவர்தம் கண்மட்டத்திற்குத் தாழ்த்தினமையால் அவர்கள் சிறுமைப்படவில்லை. கண்ணீரை வரவழைக்கும் முயற்சியும் அங்கில்லை. கறுப்பு வெள்ளையில் முகமும் கையும் எஞ்சுகின்றன, அதுவே போதுமானதாயிற்று.

1916-இல் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. 1918-இல் உச்சநீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. நிலைத்த சட்டம் 1938-இல்தான் இயற்றப்பட்டது.

1920-களில் ஹைன் உழைப்பின் பெருமையைக் காட்ட முற்பட்டார். பெருந்திருகியுடன் வளைந்து நிற்கும் மின்நிலையத் தொழிலாளியின் படம் புகழ்பெற்றது. நிற்கவைத்து எடுத்ததுதான், எனினும் அத்தோளின் வலிமை நடிப்பன்று. 1930-இல் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழுந்தபோது, ஐம்பத்தைந்து வயதைக் கடந்த அம்மனிதர், இரும்பு உத்தரங்களின்மேல் நடந்த தொழிலாளரோடு தாமும் ஏறி, அந்தரத்தில் தொங்கிய கூடையினின்றும் படமெடுத்தார். அவற்றுட் பல 1932-இல் நூலாயின.

அதன்பின் வேலை கிட்டவில்லை. பண்ணைத் தொழிலாளரின் வறுமையைப் பதிவுசெய்ய அரசு அமைத்த படப்பிரிவும், அவர் பன்முறை வேண்டியும் சேர்த்துக்கொள்ளவில்லை. வீடு கடனில் மூழ்கிற்று. 1939-இல் மனைவி மறைந்தார். 1940 நவம்பர் 3-ஆம் நாள் வறுமையிலேயே ஹைன் உயிர்நீத்தார். குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக அவர் எடுத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தைச் சேர்ந்தன. மகன் அளித்த ஏனைய படங்களையும் தகடுகளையும் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் ஏற்கவில்லை. ராச்செஸ்டர் நகரின் ஈஸ்ட்மன் இல்லம் ஏற்றுக்கொண்டது.